இரண்டு வாசலுக்கு ஒரு கம்பி

ஈயம் உருகும்போது எழும் ரோஸின் பிசின் புகை எனக்கு ஒருநாளும் தனியாக வந்ததில்லை. அதன் பின்னாலேயே பச்சை ஏலக்காய் வாசம் வரும். சாக்கில் கட்டிக் குவித்த ஏலக்காய், மழையில் நனைந்த கோணி, மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப்பின் சூடான டயர் எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்த வாரத்தில், சர்வீஸ் அறையில் ஒரு பையன் அறுந்த சார்ஜர் வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். புகை மூக்கில் ஏறியது. நான் நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, கண்ணு கலங்குது?"

"புகைடா."

"உங்க காலத்துல வைஃபையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தா ஃபைல எப்படிண்ணே மாத்துவீக?"

"கம்பி போடுவோம்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு மட்டும் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் மதுரையில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். டிப்ளமோ படித்திருந்தேன். படித்ததில் பாதி அந்த மெஷின்களுக்கு உதவவில்லை. தூசி துடைத்தேன், பிளாப்பி டிரைவின் தலையைப் பஞ்சால் துடைத்தேன், பற்றவைக்கப் பழகி விரலைச் சுட்டுக்கொண்டேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று.

எங்கள் மேலாளர் ஞானமுத்து சார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து வந்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, அதிகம் பேசாத வாய். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைப்பார். பிறகு உட்கார்ந்துவிடுவார். மெஷினைத் தொட மாட்டார். வீட்டில் காலையில் என்ன நடக்கும், மத்தியானம் என்ன நடக்கும், எந்த நேரத்தில் எந்தச் சுவிட்ச் போடுவார்கள் என்று கேட்பார். ஆண்களிடம் கேட்பதைவிடப் பெண்களிடம்தான் அதிகம் கேட்பார். "கரண்டோட குடித்தனம் நடத்துறது அவுகதான் தம்பி" என்பார்.

ஒருமுறை போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், சாயங்காலமானால் மெஷின் உறைந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனவுடன் மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் போய் உட்கார்ந்தார். பனி இறங்கியது. ஸ்டோரில் வேலை பார்க்கும் மலையாளத்துச் சேச்சி ஒருத்தி பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார். குடித்துக்கொண்டே அவரோடு பேச்சுக் கொடுத்தார் சார். உள்ளே புகைக்கூண்டு விசிறியைப் போட்டார்கள். அதே நொடியில் ஆபீசில் கிளார்க் "போச்சு, போச்சு" என்று கத்தினார். விசிறிக்கும் மெஷினுக்கும் ஒரே லைன். சார் மிச்சச் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மெஷினின் மூடியை அன்றைக்கு நாங்கள் திறக்கவே இல்லை.

போடியில் அந்த அண்ணன் தம்பி வீட்டுக்கு முதலில் நான் தனியாகத்தான் போனேன்.

பெரியவர் சுருளியப்பன். சின்னவர் முருகேசன். சிலமலைப் பக்கம் வயல், மலைமேல் ஏலத்தோட்டம். அப்பா இறந்ததும் வயலைப் பிரித்தார்கள். வீட்டையும் பிரித்தார்கள். முற்றத்தின் நட்ட நடுவே, பின்கட்டு வரைக்கும் ஆளுயரத்துக்கு மேலே ஒரு சுவர். தெருவுக்கு இரண்டு வாசல், இரண்டு கரண்டு மீட்டர். தோட்டத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. குத்தகை நிலம், துண்டு போடக் கூடாது. அதனால் ஆட்களின் வருகையும் அரிசி பருப்பும் அண்ணன் பொறுப்பு. ஸ்டோர், உலர்த்தல், தரம் பிரித்தல் தம்பி பொறுப்பு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த ஊரில் பகை என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. இந்த வாசலில் எடுத்த தண்ணீர் அந்த வாசலுக்குள் போகாது. அண்ணன் வீட்டில் கிணறு. தம்பி வீட்டில் எப்போதாவது வரும் குழாய்.

தம்பி கோயம்புத்தூரில் படித்தவர். ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அடுத்த மாதமே அண்ணனும் வாங்கினார், அதைவிடப் பெரியதாக, ஹார்டு டிஸ்க்கோடு. தோட்டத்துக்குத் தினமும் காலையில் ஜீப்பு ஏறும் முன்னே இவர் கணக்கு அவருக்கும் அவர் கணக்கு இவருக்கும் தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒரு பிளாப்பி. அந்தப் பிளாப்பியைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் இறங்கி அந்த வாசலில் ஏறியவர் ராமுத்தாய்.

ராமுத்தாய் இருவருக்கும் நடுவில் பிறந்தவர். ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் தவறிய பிறகு பெரியவர் வீட்டோடு வந்துவிட்டவர். அவருடைய ஒரே மகள் செல்வியை அவள் தாய்மாமனுக்கே, அதாவது சின்னவருக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். சுவர் எழும்பும் முன்னே நடந்த கல்யாணம். இப்போது தாய் சுவருக்கு இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். மகளுக்கு ஏழாம் மாதம். பெரியவர் தன் வீட்டு ஆட்கள் யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார், பிளாப்பிக்கு மட்டும் விலக்கு.

பெரியவர் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருமுறை ராமுத்தாய் பிளாப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏத்தா, ஒரு தகட்டக் குடுத்துட்டு வர எம்புட்டு நேரம்?" என்றார் பெரியவர்.

"மெஷினு படிக்க வேணாமாண்ணே? கிர்ரு கிர்ருங்குது, நிக்குது, மறுபடியும் கிர்ருங்குது."

"எம்மெஷினு அப்படி இல்லையே."

"உங்க மெஷினு உங்களுக்குப் பயந்துக்கிட்டு வெரசாப் படிக்கிது."

பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது. ராமுத்தாயின் விரல்களில் தேங்காய் எண்ணெய் பிசுபிசுப்பு. மகளுக்குத் தலை வாரிவிட்டு வந்திருந்தார்.

இந்தத் தாமதம் பிடிக்காமல்தான் பெரியவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு மெஷினையும் கம்பியால் இணைத்துவிட்டால் கோப்பு தானாகப் போய்வரும். யாரும் தெருவில் இறங்க வேண்டாம். பெரியவர் உள்ளே போனதும் ராமுத்தாய் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கம்பிய நல்லாப் போட்ருவீகளா?"

"போட்ருவோம்க்கா."

"போட முடியலேன்னு சொல்றதுக்கு வழி எதுவும் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே சொன்னார். "எம்மகளப் பாக்க எனக்கு அந்தத் தகடு ஒண்ணுதான் சாக்கு. கம்பி வந்துட்டா நான் எந்தக் காரணத்தச் சொல்லி அந்தப் படியில ஏறுவேன்? பிள்ளத்தாச்சி. ராத்திரியெல்லாம் சுவத்துக்கு அங்கிட்டு இருமுறா. எனக்குக் கேக்குது."

நான் என்ன செய்ய முடியும்? என் பையில் கம்பி இருந்தது. போட்டேன்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் முள் முள்ளாக ஒரு சாக்கெட். இரண்டாவது முள் பேசும், மூன்றாவது கேட்கும். பேசும் முள்ளைப் பேசும் முள்ளோடு சேர்த்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் இந்தப் பக்கத்து இரண்டை அந்தப் பக்கத்து மூன்றோடும், மூன்றை இரண்டோடும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ஏழாவது முள் மட்டும் நேருக்கு நேர். அது தரை. இரு மெஷின்களும் எதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது என்பதில் ஒத்துப்போவதற்கான கம்பி அது. பூஜ்யத்தில் ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மேல் எந்த எண்ணிலும் ஒத்துப்போக முடியாது. கம்பியை முற்றத்துச் சுவரின் தலைக்கு மேலே குழாயில் விட்டுக் கொண்டுபோனேன். முதல் கோப்பு போனது. மத்தியானம் வரைக்கும் போனது. பிறகு இரண்டு மெஷினிலும் அந்தச் சாக்கெட்டை இயக்கும் சிப், அந்தச் சின்னச் சில்லு, கருகிவிட்டது. மாற்றிப் போட்டேன். மறுநாள் மத்தியானம் மறுபடியும் கருகியது.

மதுரைக்குத் திரும்பி சாரிடம் சொன்னேன். கருகிய சில்லைப் பற்றி நிறையச் சொன்னேன். கடைசியில், போகிற போக்கில், அந்த அம்மா கம்பியே வேண்டாம் என்கிறார், மகளைப் பார்க்கப் பிளாப்பிதான் அவருக்குச் சாக்கு என்பதையும் சொன்னேன். சில்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பஸ்சில் தேனி தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குப் போனதும் வாட்ச், மோதிரம், கைக்குட்டை. பிறகு சின்னவர் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். செல்வி மெலிந்த பெண், வயிறு மட்டும் முன்னே வந்திருந்தது.

"மத்தியானத்துல இங்க என்னம்மா ஓடும்?"

"கிரைண்டர் சார். மாவு ஆட்டுவேன்."

"கை வச்சா ஏதாச்சும் தெரியுதா?"

செல்வி தயங்கினாள். "சுருக்குனு எறும்பு கடிச்ச மாதிரி. ஈரக்கையோட தொட்டா முழங்கை வரைக்கும் விர்ருங்கும். மாமாகிட்ட சொல்லல. கிரைண்டர வித்துருவாரு, அப்புறம் ஆட்டுரல்ல ஆட்டணும்."

சார் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெயின் சுவிட்சை அவரே போய் இறக்கினார். சின்னவரைக் கூப்பிட்டார். "இந்தக் கிரைண்டர இனி யாரும் தொடக் கூடாது. மோட்டார ஆளவிட்டு மாத்துங்க. எர்த் குழி எங்க இருக்கு?"

பின்கட்டில் இருந்தது. கரியும் உப்பும் அடுக்கிப் புதைத்த குழி, நடுவில் ஒரு குழாய். ஈரம் இருக்கும் வரைதான் அது எர்த். வீடு ஒன்றாக இருந்தபோது கிணற்றடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்காலாக ஓடி அந்தக் குழியில்தான் விழுந்தது. யாரும் அதற்கென்று ஊற்றியதில்லை, தானாக நனைந்தது. சுவர் வாய்க்காலை அறுத்துவிட்டது. கிணறு அண்ணனுக்கு, குழி தம்பிக்கு. அண்ணன் தன் பக்கத்தில் கிணற்றோரமாகவே புதுக்குழி தோண்டிக்கொண்டார். தம்பியின் குழி காய்ந்து கட்டாந்தரையாகிக் கிடந்தது. கிரைண்டரில் கசிந்த கரண்டுக்கு அந்த வீட்டில் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. அது ஒவ்வொரு இரும்பு உடம்பாக ஏறி நின்றது. என் கம்பி வந்ததும், ஏழாவது முள்ளைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டி, அண்ணன் வீட்டு ஈர மண்ணைத் தேடி ஓடியிருக்கிறது. சில்லு அதன் வழியில் நின்றது, எரிந்தது. வீட்டைப் பிரித்தவர்கள் நெல்லைப் பிரித்தார்கள், அண்டாவைப் பிரித்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பற்றி யார் நினைத்தார்கள்!

மோட்டாரை மாற்ற ஆள் வந்தார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். சார் பையிலிருந்து விரல் அகலச் செப்புப் பட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். கம்பி போன வழியிலேயே சுவருக்கு மேலே அதையும் கொண்டுபோய் இரண்டு வீட்டு எர்த்தையும் சேர்த்து முறுக்கச் சொன்னார். முறுக்கினேன், கருகிய சில்லுகளையும் மாற்றினேன். சார் மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு வீட்டு எர்த்திலும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. கை வைத்தும் பார்த்தார். முழு வேலையும் அத்தோடு முடிந்தது. அண்ணன் வீட்டு ஈரம் இனி இரண்டு வீட்டுக்கும் போதும்.

பிறகு, யார் எதைப் பார்க்கலாம் என்ற பஞ்சாயத்து. பெரியவர் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சின்னவர் சுவருக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் நின்றிருந்தார்.

"எங்கோப்ப அவன் பாக்கலாம். கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

"நான் மட்டும் என் கோப்புல அவர விட்ருவேனான்னு கேளுங்க சார்!"

சொல்வதற்கு நான் வாயைத் திறக்கும் முன்பே மற்றவருக்குக் கேட்டுவிடும். இருந்தாலும் திரும்பச் சொன்னால்தான் பதில் வந்தது. சார் ஹார்டு டிஸ்கில் இருவரும் எழுதவும் எடுக்கவும் ஓர் இடம் ஒதுக்கினார். மற்ற இடங்களில் பார்வை மட்டும். தம்பியின் மெஷினிலிருந்து ஸ்டோர் கணக்கு கேட்டோம். பிளாப்பி இல்லை, கிர்ரு கிர்ரு இல்லை. ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்குள் பெரியவரின் திரையில் வரிவரியாக வந்து நின்றது.

"அட!" என்றார் பெரியவர்.

நான் ராமுத்தாயைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். கையில் அன்றைய பிளாப்பி இருந்தது. பெரியவர் கையை நீட்டி அதை வாங்கி மேசையில் போட்டார். "இனி இது வேணாம்த்தா. நீ உள்ள சோலியப் பாரு."

ராமுத்தாய் நகரவில்லை. அப்போதுதான் சார் பேசினார்.

"அய்யா, ஒண்ணு பாக்கி இருக்கு. அந்தப் பக்கத்துக் குழி காஞ்சு கெடக்கு. தினமும் தண்ணி ஊத்தணும்."

"ஊத்தச் சொல்லுங்க. அவன் வீட்டுக் குழிதான?"

"பைப்புத் தண்ணி எப்பவோ ஒருநாள் வருது. அது ஆகாது. உங்க கிணத்துத் தண்ணி உப்புத் தண்ணி. அதுலதான் கரண்டு நல்லா எறங்கும்."

பெரியவர் எழுந்தே விட்டார். "எங்கிணத்துத் தண்ணியா? அந்த வாசலுக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நான் லாரித் தண்ணி வாங்கி ஊத்திக்கிறேன்னு சொல்லுங்க சார்!"

சார் இரண்டு பேரையும் கேட்காதவர் போலத் தொடர்ந்தார். "எரிஞ்சா ரெண்டு மெஷினும் சேர்ந்துதான் எரியும். ஹார்டு டிஸ்க் இருக்கிறது உங்களதுல."

பெரியவர் நின்றபடியே யோசித்தார். மீசையைத் தடவினார். சுவரைப் பார்த்தார்.

"குடிக்கிறதுக்கு இல்லையே?"

"ஒரு வாய் குடிக்க முடியாதுங்கய்யா. கரியும் உப்பும். மண்ணுக்குப் போற தண்ணி."

"மண்ணுக்கு..." என்றார் பெரியவர். "மண்ணுக்குன்னா அன்னந்தண்ணிக் கணக்குல வராது. சரி, யாராவது தோட்டத்து ஆள விட்டு ஊத்திக்கிரட்டும்."

"வேத்தாளு ஆகாதுங்க. இந்த மெஷின நிறுத்திட்டு, தண்ணி கொண்டுபோய் ஊத்தி, அது நல்லா ஊறுற வரைக்கும் அங்கேயே இருந்து பாத்து, அப்புறம் அந்த மெஷினப் போடணும். ரெண்டு பக்கத்து சுவிட்சும் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

பெரியவர் தங்கையைப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்?

"ஊற எம்புட்டு நேரம் ஆகும்?"

"அது மண்ணப் பொறுத்தது" என்றார் சார்.

செப்புப் பட்டையை முறுக்கியவன் நான். தண்ணீர் ஊற்றுவது கெடுதல் இல்லை, நல்லதுதான். ஆனால் அவசியம் இல்லை என்று அந்த வீட்டில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் சாரைப் பார்த்தேன். அவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ராமுத்தாய் அதற்குள் கிணற்றடிக்குப் போய்விட்டிருந்தார். சகடை கிறீச்சிடும் சத்தம் வந்தது.

இப்போது யோசித்தால், அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மாடிகளில் கம்பி இழுத்திருக்கிறேன். வங்கிகள், மருத்துவமனைகள், கம்பி தெரியாமல் கூரைக்குள் மறைக்கும் பெரிய கட்டடங்கள். எங்கேயும் சாரைப் போல முதலில் உட்கார்ந்து கேட்கப் பழகினேன். எல்லாம் அந்த மத்தியானத்திலிருந்துதான் தொடங்கியது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. மலைப்பக்கத்தில் மேகம் கூடியிருந்தது. கடைசி நேரடி பஸ்சைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

நாங்கள் தெருவில் இறங்கியபோது ராமுத்தாய் நிறைகுடத்தோடு பெரியவர் வாசலில் இறங்கினார். பத்தடி நடந்து சின்னவர் வாசல்படியில் ஏறினார். பட்டப்பகலில், தெரு பார்க்க, பிளாப்பி எதுவும் இல்லாமல். உள்ளே செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ராமுத்தாய் உள்ளே போகாமல் படியிலேயே திரும்பினார். இடுப்புக் குடத்தில் தண்ணீர் தளும்பியது.

"சார், ஒரு சந்தேகம். ஆடி போனா மலையில மழை எறங்கிரும். மண்ணு தானா நனஞ்சிரும். அப்ப ஊத்த வேணாம்ல?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் மேகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மழைக்காலத்துலயும் ஊத்தணும்மா."